வராத எபிசோடுக்கு வில்லனைத் தேடுறது: டாக்டர் ஹூ தியரிகள் எப்படி பொறக்குது, புதுசா வர்றவங்களுக்கு

டாக்டர் ஹூ பாக்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி கதையைப் பத்தி இருக்காது, ரசிகர்களைப் பத்திதான் இருக்கும். எபிசோடே இன்னும் வரல, ட்ரெய்லர்கூட வரல, அதுக்குள்ள வில்லன் இன்னார்தான்னு எப்படி அடிச்சுப் பேசுறீங்க, 1975ல வந்த ஒரு பேரை 2024ல எங்கேருந்து தோண்டி எடுக்கிறீங்கன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. வெளியிலேருந்து பாத்தா மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற மாதிரிதான் இருக்கும். ஆனா இதுக்குள்ள ஒரு முறை இருக்கு, அதைப் புரிஞ்சுக்கிட்டா நீங்களே நல்லா கணிக்கலாம், மத்தவங்க கணிப்புல எது தேறும் எது தேறாதுன்னும் தெரிஞ்சுடும்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. இது பிபிசி தொடர், 1963 நவம்பர் 23ல ஆரம்பிச்சது. டாக்டர்ங்கிறவர் டைம் லார்ட்ங்கிற இனத்தைச் சேர்ந்தவர், வெளியிலேருந்து பாத்தா நீல கலர் போலீஸ் பெட்டி மாதிரி இருக்கிற டார்டிஸ்ல காலத்துலயும் விண்வெளியிலயும் சுத்துவார், சாகப் போற நேரத்துல வேற முகம் வேற உடம்போட மாறிடுவார். 1966ல முதல் ஹீரோ வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு சரியில்லாம போனப்ப தொடரை நிறுத்தாம இருக்க கண்டுபிடிச்ச வழி அது. அறுபது வருஷத்துக்கு மேல ஓடுன கதைங்கிறதால பழைய வில்லன்கள் ஒரு பெரிய குடோன் நிறைய கிடக்கிறாங்க, யாரை வேணா எப்ப வேணா தூசி தட்டி எடுத்துட்டு வரலாம், அதனாலதான் ஊகத்துக்கு முடிவே இல்ல. ஸ்பெஷல்னா வழக்கமான சீசனுக்கு வெளியில தனியா வர்ற எபிசோடு, பெரும்பாலும் கிறிஸ்துமஸ் இல்லன்னா புத்தாண்டு அன்னிக்கு, சில சமயம் ஆண்டு விழாவுக்கு.

இதுல ஒரு விஷயம் முக்கியம், ரசிகர்களுக்கு இந்தச் சந்தேகப் புத்தியைக் கத்துக்கொடுத்ததே தொடரை எடுத்தவங்கதான். மாஸ்டர்னு ஒரு வில்லன், அவரும் டைம் லார்ட், டாக்டரோட பழைய நண்பன். 1982ல வந்த ஒரு கதையில மாஸ்டர் ஒரு கிழவன் வேஷத்துல வருவார், அந்த நடிகர் பேரு ஆன்டனி எய்ன்லி, ஆனா டைட்டில்ல அந்தப் பேரைப் போட்டா குட்டு உடைஞ்சிடும்னு 'நீல் டாய்னே'ன்னு இல்லாத ஒரு ஆள் பேரைப் போட்டாங்க, அந்த இங்கிலீஷ் எழுத்துக்களை மாத்தி அடுக்கினா 'டோனி எய்ன்லி'ன்னு வரும். அடுத்த வருஷம் 'ஜேம்ஸ் ஸ்டோக்கர்'னு போட்டாங்க, அதை மாத்தி அடுக்கினா 'மாஸ்டரோட ஜோக்'னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தைகள் வரும். 1988ல டாலெக்ங்கிற, இரும்புக் கூட்டுக்குள்ள வாழுற வேற்றுக்கிரக வில்லன்களோட சக்கரவர்த்திக்குள்ள இருக்கிறது பழைய வில்லன் டாவ்ரோஸ்தான்ங்கிறதை மறைக்க டெர்ரி மொல்லாய்ங்கிற நடிகரை 'ராய் ட்ரொமெல்லி'ன்னு போட்டாங்க. இப்படி ஒரு தலைமுறையே டைட்டில் கார்டை எழுத்து எழுத்தா பிரிச்சுப் பாத்து வளந்திருக்கு, அப்புறம் அவங்க எந்தப் பேரைப் பாத்தாலும் பேப்பரும் பேனாவும் எடுக்கத்தானே செய்வாங்க.

அந்தப் பழக்கம் எவ்ளோ தூரம் போகும்னு 2007ல தெரிஞ்சது. அந்த சீசன்ல 'மிஸ்டர் சாக்ஸன்'னு ஒரு அரசியல்வாதி பேரு அங்கங்க வந்துட்டே இருக்கும், ரசிகர்கள் எழுத்தை மாத்திப் போட்டுப் பாத்தா 'மாஸ்டர் நம்பர் ஆறு'ன்னு வந்தது, டிவியில வந்த மாஸ்டரோட உருவங்களை ஒரு விதமா எண்ணிப் பாத்தா சாக்ஸனா நடிச்ச ஜான் சிம் ஆறாவதாவும் வந்தார், கடைசியில சாக்ஸன் மாஸ்டர்தான்னும் ஆச்சு. ஆனா எழுதின ரஸ்ஸல் டி டேவிஸ் அந்த எழுத்து விளையாட்டு தற்செயல், நான் யோசிச்சு வைக்கலன்னு சொல்லிட்டார். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. விடை சரி, வந்த வழி தப்பு. புதுசா வர்றவங்க இதை மனசுல வெச்சுக்கணும், ஏன்னா ஒரு தடவை தப்பான வழியில சரியான விடை கிடைச்சுட்டா மனுஷன் அந்த வழியை அவ்ளோ சீக்கிரம் விடமாட்டான்.

சரி, ஒரு நல்ல கணிப்பு எதுலேருந்து வருது? என் அனுபவத்துல மூணு இடத்துலேருந்து வருது, பெரும்பாலானவங்க முதல் இடத்தை மட்டும் பாத்துட்டு நிறுத்திடுறாங்க. கதைக்குள்ள இருக்கிற க்ளூ ஒண்ணு, அதாவது வசனம், பேரு, திரும்பத் திரும்ப வர்ற முகம். ரெண்டாவது கதைக்கு வெளியில இருக்கிறது, யாரை நடிக்க எடுத்திருக்காங்க, ஷூட்டிங்ல என்ன செட் போட்டிருக்காங்க, எதைச் சொல்றாங்க எதைச் சொல்லாம விடுறாங்கங்கிறது. மூணாவது எழுதுறவரோட பழக்கம், அவர் இதுக்கு முன்னாடி இதே மாதிரி இடத்துல என்ன பண்ணியிருக்கார்ங்கிறது. இந்த மூணாவதுதான் ரொம்ப பலமானது, ஆனா சுவாரஸ்யம் கம்மியா தெரியறதால யாரும் தொடமாட்டேங்கிறாங்க.

மூணும் எப்படி வேலை செய்யும்னு பாக்க 2023ல வந்த அறுபதாம் ஆண்டு ஸ்பெஷல்களை விட நல்ல உதாரணம் கிடையாது. நவம்பர் 25, டிசம்பர் 2, டிசம்பர் 9னு மூணு வாரம் மூணு எபிசோடு, முன்னாடி டாக்டரா நடிச்ச டேவிட் டென்னன்ட் திரும்ப வந்தது. முதல் எபிசோடுல மீப்னு ஒரு குட்டி ஜீவன், பெரிய கண்ணு, வெள்ளை முடி, பாத்தா தூக்கிக் கொஞ்சணும் போல இருக்கும். அது 1980ல டாக்டர் ஹூ பத்திரிகையில வந்த காமிக்ஸ்லேருந்து எடுத்தது, காமிக்ஸ் படிச்சவங்களுக்கு அந்தக் குட்டிதான் கொடூரமான வில்லன்னு ஷூட்டிங் படங்கள் வந்த அன்னிக்கே தெரியும். அதுல ஊகத்துக்கு இடமே இல்ல, புத்தகத்துலயே விடை இருந்தது.

மூணாவது எபிசோடுதான் ரசிகர்கள் உண்மையிலேயே திறமையா கணிச்சது. நீல் பாட்ரிக் ஹாரிஸ் நடிக்கிறார்னு 2022 ஜூன்ல அறிவிச்சாங்க, பேரு சொல்லல, டாக்டர் இதுவரைக்கும் பாக்காத பெரிய எதிரின்னு மட்டும் சொன்னாங்க. ஆனா ஷூட்டிங் பக்கம் போனவங்க கண்ணுல பொம்மைக் கடை பட்டுச்சு, அவரோட பழைய காலத்து டிரெஸ் பட்டுச்சு. பொம்மை, விளையாட்டு, பழைய எதிரின்னு மூணையும் சேத்தா 1966ல மைக்கேல் காஃப் நடிச்ச டாய்மேக்கர் ஞாபகத்துக்கு வரும், ஆளுங்களைப் பிடிச்சு வெச்சு விளையாட வெச்சு தோத்தா பொம்மையாக்கிடுற ஒரு ஜீவன், நாலு பாகம் வந்த அந்தக் கதையில இன்னிக்கு கடைசி பாகத்தோட வீடியோ மட்டும்தான் மிச்சம். பழசு முக்கால்வாசி அழிஞ்சு போனதால புதுசா எடுக்க ஒரு காரணமும் இருக்கு. இப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத இடங்கள்லேருந்து வந்த க்ளூ எல்லாம் ஒரே ஆளைக் காட்டினா அந்தக் கணிப்பை நம்பலாம். அது சரியாவும் இருந்தது.

நடுவுல வந்த ரெண்டாவது எபிசோடுலதான் எல்லாரும் வழுக்கி விழுந்தாங்க. அதைப் பத்தி பிபிசி கிட்டத்தட்ட ஒண்ணுமே காட்டல, ட்ரெய்லர்ல ரெண்டு மூணு ஷாட்டோட சரி. இவ்ளோ மறைக்கிறாங்கன்னா உள்ள ரொம்பப் பெருசா ஏதோ இருக்குன்னு ஆளாளுக்கு கெளம்பிட்டாங்க, பழைய டாக்டர்கள் எல்லாரும் வராங்க, மேட் ஸ்மித் வரார், கபால்டி வரார், அந்த வில்லன் இந்த வில்லன்னு. எபிசோடு வந்தா பிரபஞ்சத்தோட ஓரத்துல ஒரு காலிக் கப்பல், உள்ள டென்னன்ட், டாக்டரோட தோழியா நடிக்கிற கேதரின் டேட், அவங்க ரெண்டு பேர் உருவத்தையே எடுத்துக்கிட்ட பேரில்லாத ரெண்டு ஜீவன்கள், அவ்ளோதான். மறைச்சதுக்குக் காரணம் யார் நிஜம் யார் போலிங்கிற பயத்தைக் காப்பாத்துறதுக்கு. எனக்கு அந்த மூணுல இதுதான் ரொம்பப் பிடிச்ச எபிசோடு, ஆனா பழைய டாக்டர்களை எதிர்பாத்து உட்கார்ந்தவங்க சில பேர் முதல் தடவை அதை ரசிக்கவே முடியாம போச்சு, அதைப் பாக்க எனக்கு வருத்தமா இருந்தது. ஒண்ணும் சொல்லலங்கிறதை க்ளூவா எடுத்துக்காதீங்க. மூடின பெட்டிக்குள்ள என்ன வேணா இருக்கலாம், நாம ஆசைப்படுறதுதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

இப்ப திசை திருப்புற க்ளூ, அதாவது ரெட் ஹெரிங். வில்லன் வேற யாரோன்னு நாம நம்புறதுக்காகவே வேணும்னு வைக்கிற க்ளூ. 2024 சீசன் இதுக்கு பாடப்புத்தகம் மாதிரி. ஒரே நடிகை ஒவ்வொரு எபிசோடுலயும் வேற வேற ஆளா வந்துட்டே இருப்பாங்க, அவங்க நிஜப் பேரே சூசன் ட்விஸ்ட். கடைசிக்கு முந்தின எபிசோடுல அவங்க சூசன் ட்ரையாட்னு ஒரு கம்பெனி முதலாளியா வராங்க, கம்பெனி பேரு எஸ் ட்ரையாட் டெக்னாலஜி, அந்த எஸ்ஸையும் ட்ரையாடையும் இங்கிலீஷ்ல மாத்தி அடுக்கினா டார்டிஸ். சூசன்ங்கிறது 1963ல முதல் எபிசோடுலயே வந்த டாக்டரோட பேத்தி பேரு. பேத்தி திரும்ப வந்துட்டான்னு ரசிகர்கள் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க, நானும் அதை முழுசா நம்பினேன். ஆனா அந்த எபிசோடுக்குள்ளயே கதையில வர்றவங்களே அந்த எழுத்து விளையாட்டைச் சத்தமா சொல்லி இது ஒரு பொறின்னு சொல்லிடுறாங்க. நிஜமான க்ளூ பக்கத்துலயே இருந்தது, சூசனைச் சுருக்கினா சூ, டெக்னாலஜியைச் சுருக்கினா டெக், சேத்துச் சொன்னா சூடெக். 1975ல செவ்வாய் கிரகத்துப் பிரமிடு கதையில வந்த சாவுக் கடவுள். அப்ப குரல் கொடுத்த கேப்ரியல் வுல்ஃபே 49 வருஷம் கழிச்சு திரும்ப குரல் கொடுத்தார், அந்தக் குரல் வந்த நிமிஷம் எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. கவனிச்சீங்கன்னா, தமிழ் எழுத்துல எழுதிப் பாத்திருந்தா இது சட்டுன்னு கண்ணுல பட்டிருக்கும், இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேறங்கிறதாலதான் எழுத்தைப் பிரிச்சு உட்கார்ந்தவங்க காதால கேக்க மறந்துட்டாங்க.

இதுலேருந்து நான் எடுத்துக்கிட்ட ஒண்ணு, ரொம்ப சுலபமா கண்டுபிடிக்க முடியுற க்ளூ பெரும்பாலும் நமக்காக வெச்சது. எழுதுறவரும் ரசிகர்தான், நாம பேப்பர் பேனா எடுப்போம்னு அவருக்கும் தெரியும்.

அப்புறம் ராணி கதையைச் சொல்லாம இதை முடிக்க முடியாது. பேரு நம்ம ராணிதான், அதே வார்த்தை. 1985லயும் 1987லயும் கேட் ஓ'மாரா நடிச்ச டைம் லார்ட் விஞ்ஞானி, உயிர்களை வெச்சு ஆராய்ச்சி பண்ற கொடூரி. ரெண்டே கதைதான், அதுக்கப்புறம் 1993ல தர்மத்துக்காக எடுத்த ஒரு குட்டி ஸ்பெஷல். ஆனா 2005ல தொடர் திரும்ப வந்ததுலேருந்து மர்மமா ஒரு பொம்பளை வந்தாலே ராணிதான்னு ரசிகர்கள் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. 2007 சீசன் கடைசியில மாஸ்டரை எரிச்ச சாம்பல்லேருந்து சிவப்பு நகம் வெச்ச ஒரு கை மோதிரத்தை எடுக்கும், உடனே ராணி. 2014ல மிஸ்ஸி வந்தாங்க, ராணின்னாங்க, அவங்க மாஸ்டரோட புது உருவம்னு தெரிஞ்சது. இப்படியே வருஷக்கணக்கா தப்பாவே சொல்லிட்டிருந்தாங்க. 2023 கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்ல பக்கத்து வீட்டு மிஸஸ் ஃப்ளட் கேமராவைப் பாத்து நேரா பேசினப்பவும் ராணின்னாங்க, 2025 மே 17ல வந்த எபிசோடுல பாத்தா நிஜமாவே ராணி! அதே எபிசோடுல ராணி ரெண்டாப் பிரிஞ்சு ஆர்ச்சி பஞ்சாபி புது ராணியா வந்தாங்க.

இதைக் கணிப்புன்னு சொல்லலாமா? எல்லா தடவையும் ஒரே பேரைச் சொன்னா என்னிக்காவது ஒரு நாள் பலிக்கும், அதுல க்ளூவுக்கு வேலையே இல்ல. ஒருத்தர் தியரி சொன்னா நான் கேக்குறது ஒரே கேள்விதான், என்ன நடந்தா இந்தத் தியரியை விட்டுடுவீங்க? அதுக்குப் பதில் வெச்சிருக்கிறவங்க சொல்றதை உட்கார்ந்து கேக்கலாம். பதில் இல்லன்னா அது ஆசை, ஆசைப்படுறதும் தப்பில்ல, ஆனா ரெண்டும் வேற வேற. அந்த சிவப்பு நகக் கை யாருதுன்னு 2009 கிறிஸ்துமஸ்ல தெரிஞ்சது, சிறையில வேலை பாக்குற, மாஸ்டரை நம்புற ஒரு பொண்ணு, அவ்ளோதான், மாஸ்டரைத் திரும்ப எழுப்ப வந்த கை.

சரி, இதையெல்லாம் வெச்சு அடுத்ததைக் கணிச்சுப் பாக்கலாம். 2025 மே 31ல வந்த எபிசோடுல ஞ்சூட்டி கட்வாவோட டாக்டர் உருமாறி பில்லி பைப்பர் முகம் வந்தது, 2005ல டாக்டரோட கூடப் பயணம் பண்ற ரோஸ்ங்கிற பொண்ணா நடிச்சவங்க. டைட்டில்ல அவங்க பேரை அறிமுகம்னு போட்டாங்க, ஆனா டாக்டராங்கிறதைச் சொல்லல. அக்டோபர்ல பிபிசி ஒரு அறிவிப்பு விட்டது, டிஸ்னி பிளஸ் கூட்டு முடிஞ்சது, 2026 கிறிஸ்துமஸுக்கு ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதுற ஒரு ஸ்பெஷல் வரும்னு. உடனே வில்லன் யாருங்கிற பேச்சு ஆரம்பிச்சாச்சு.

கதைக்குள்ள முடியாம தொங்கிட்டிருக்கிற நூல் நிறைய. 2023ல டாய்மேக்கர் தன்கிட்ட தோத்த மாஸ்டரைத் தங்கப் பல்லுக்குள்ள அடைச்சு வெச்சிருப்பார், அந்தப் பல்லை மறுபடியும் சிவப்பு நகக் கை ஒண்ணு எடுத்துட்டுப் போச்சு. மீப் மாட்டிக்கிட்டுப் போகும்போது ரெண்டு இதயம் உள்ள ஒரு ஆளைப் பாத்ததை பாஸ்கிட்ட சொல்றேன்னு மிரட்டிட்டுப் போகும், அந்த பாஸ் யாருன்னு தெளிவா ஒரு பதில் வரல. மிஸஸ் ஃப்ளட் ராணி தப்பிச்சு ஓடிட்டாங்க, இன்னொரு ராணியை ஒமேகாங்கிற பழைய டைம் லார்ட் வில்லன் தின்னுட்டான். பேத்தி சூசன் நிழல் மாதிரி வந்துட்டுப் போனாங்க. ரசிகர்கள் பெரும்பாலும் இந்த நூல்ல ஒண்ணைத்தான் பிடிச்சுட்டுத் தொங்குறாங்க.

நான் மூணாவது இடத்தைப் பாக்கச் சொல்றேன். டேவிஸ் இதுக்கு முன்னாடி எழுதின கிறிஸ்துமஸ் எபிசோடு எல்லாத்தையும் வரிசையா எடுத்துக்கங்க. 2005ல சிக்கோராக்ஸ், புதுசு. 2006ல சிலந்தி மாதிரி இருக்கிற ராக்னாஸ் இனத்தோட பேரரசி, புதுசு. 2007ல டைட்டானிக் பேர்ல விண்கப்பல், முதலாளி மேக்ஸ் காப்ரிகார்ன், புதுசு. 2008ல சைபர்மேன், பழசு. 2009ல மாஸ்டர், பழசு. 2023ல குழந்தையைத் தூக்கிட்டுப் போற காப்ளின்ங்கிற குட்டிப் பூதக் கூட்டம், புதுசு. ஆறுல நாலு புதுசு. பழசு வந்த ரெண்டுல 2009 டென்னன்டோட விடைபெறும் கதை, அதுக்குப் பெரிய எதிரி வேணும். ஏன் இப்படின்னா கிறிஸ்துமஸ் அன்னிக்கு டிவி முன்னாடி உட்கார்ற கூட்டம் வேற, சாப்பாடு முடிச்சு பாட்டி தாத்தா பேரப் பிள்ளைங்க எல்லாம் ஒண்ணா உட்கார்ந்திருப்பாங்க, அவங்கள்ல பாதிப் பேருக்கு சூடெக்கும் தெரியாது ஒமேகாவும் தெரியாது. ஒரே வரியில சொல்லிப் புரிய வைக்க முடியுற வில்லன்தான் அங்க வேலைக்கு ஆவார். குழந்தையைத் திங்கிற பூதம்னு சொன்னா அஞ்சு வயசுக்கும் புரியும். முந்தின ஸ்பெஷல்ல ஒரு பல்லுக்குள்ள அடைபட்ட மாஸ்டரை ஒரு கை எடுத்ததேன்னு ஆரம்பிச்சா அங்கேயே பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க. எழுதுறவர் மாறினா கணக்கும் மாறும், கிறிஸ் சிப்னல் மூணு புத்தாண்டு ஸ்பெஷல்ல டாலெக்கையே கொண்டுவந்தார், 2019, 2021, 2022. ஸ்டீவன் மொஃபட் 2017ல வில்லனே இல்லாம ஒரு கிறிஸ்துமஸ் எடுத்தார், எதிரின்னு நினைச்சது கெட்டதே இல்லன்னு தெரிஞ்சதும் டாக்டரே குழம்பி நிப்பார்.

அதனால என் கணிப்பு, 2026 கிறிஸ்துமஸ் வில்லன் பெரும்பாலும் புது ஆளா இருப்பார், அந்தத் தங்கப் பல்லு வந்தா கடைசி ஒரு நிமிஷத்துல வரும். ஆனா இதுக்கு எதிரா ஒரு பலமான வாதமும் இருக்கு, அதை நான் ஒதுக்க விரும்பல. 1966ல பேட்ரிக் ட்ரௌட்டன் முதல் தடவை மாறின முகத்தோட வந்தப்ப இவர் டாக்டர்தானான்னு ஜனங்க ஏத்துக்குவாங்களாங்கிற பயம் இருந்தது, அதனால அவரோட முதல் கதையிலேயே டாலெக்கை எறக்கினாங்க. கூட இருந்தவங்களே சந்தேகப்பட்ட ஆளை டாலெக் பாத்தவுடனே அடையாளம் கண்டுக்கும், அதுக்கப்புறம் பாக்குறவங்களுக்கும் சந்தேகம் போயிடும். இப்பவும் பைப்பர் முகத்தைப் பாத்து இவங்க டாக்டரா, ரோஸா, வேற யாராவதான்னு அதே கேள்விதான் நிக்குது. அதுக்கு ஒரே காட்சியில பதில் சொல்ல டாலெக்கை விட நல்ல சாட்சி கிடையாது, ஒரே வரியில புரியற வில்லனும் அதுவே, பிரிட்டன்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும், கட்வாவோட ரெண்டு சீசன்லயும் அது மெயின் வில்லனா ஒரு தடவைகூட வரல.

என் கணிப்பை நான் எப்ப விடுவேன்னும் சொல்லிடுறேன். நடிகர் பட்டியல் வர்றப்ப பெரிய நடிகர் ஒருத்தரைக் கேரக்டர் பேர் சொல்லாம அறிவிச்சாங்கன்னா புது வில்லன்ங்கிற என் பேச்சு கொஞ்சம் ஆட்டம் காணும். டாலெக்குக்குக் குரல் கொடுக்கிற நிக்கோலஸ் ப்ரிக்ஸ் பேரு எங்கேயாவது வந்தா மொத்தமா விட்டுடுவேன்.